தலையாட்டினால் போதும்

புதிதாக நோட்டரி சான்றிதழ் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் எனக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும். 'தலையாட்டி.' நான் உள்ளே நுழைந்ததும் உங்கள் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்புவதையும் பல தடவை பார்த்திருக்கிறேன். கோபம் இல்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சிரிக்கிற காரணம்தான் தப்பு. மனுஷன் ஏமாந்து போனார் என்று சிரிக்கிறீர்கள். ஏமாறுவதெல்லாம் நம் தொழிலில் பெரிய விஷயமே இல்லை. நான் ஏமாந்ததே கிடையாது என்று எவராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு இன்னும் விஷயம் தெரிய வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் முகம் சுருங்குவது ஏமாந்ததற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான். அந்தப் பாதியைத் தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

முத்திரை எங்கே குத்துவது, எந்தப் பக்கத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவது என்பதையெல்லாம் உங்கள் குமாஸ்தாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது இரண்டே சொற்களைப் பற்றி. 'என் முன்னிலையில்.' ஒவ்வொரு உறுதிமொழிப் பத்திரத்தின் அடியிலும் அந்தச் சொற்களுக்குக் கீழேதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். இந்த ஆள் என் எதிரில் வந்தார், இவர் இன்னார்தான், எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டு தானாகக் கையெழுத்துப் போட்டார் என்று ஊருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. அந்த ஒரு வாக்குக்காகத்தான் ஜனங்கள் நம் படியேறி வருகிறார்கள்.

நான் அதில் கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்திருந்தேன். நடந்த அன்றைக்குக் காலையில்கூட அப்படி ஒரு கூத்து. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் கத்தாரில் இருக்கிறான், அவன் பெயரில் ஒரு பத்திரம் வேண்டும் என்றார். ஆள் இல்லாமல் எப்படிப் போடுவது என்று கேட்டேன். பெரியவர் அதற்கெல்லாம் தயாராக வந்திருந்தார். செல்போனில் வீடியோ போட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே ஹெல்மெட்டோடு ஒரு பையன்.

"சார், நல்லாப் பாத்துக்கங்க. நாந்தான். ஒங்க முன்னாடிதான இருக்கேன்?" என்றான்.

"நீ என் முன்னாடி இல்ல தம்பி, ஒங்கப்பா கையில இருக்க. அங்கனயே எம்பசியில போய்ப் போட்டு அனுப்பு," என்றேன்.

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. சட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆளையும் நோகடிக்கவில்லை, இதைவிட அழகாக ஒருவர் இந்த வேலையைச் செய்துவிட முடியுமா என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர்கள் இருவரும் வந்தார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். ஒரு ஆள், அவர் பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு பெண். அவர் அண்ணன் வெள்ளைச்சாமி என்பவர் இறந்துபோய்விட்டார். பின்னால் நிற்பவர் அண்ணனின் மனைவி மாரிக்கண்ணு. அண்ணன் பெயரில் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சார இணைப்பு இருக்கிறது. அதைத் தம்பியின் பெயருக்கு மாற்றிக்கொள்ள அண்ணிக்கு ஆட்சேபணை இல்லை. இப்படித்தான் அந்த ஆள் சொன்னார். பத்திரத்திலும் அப்படித்தான் டைப் அடித்திருந்தது.

நம் மாவட்டத்தில் விவசாய மோட்டாருக்கு இணைப்பு வாங்குவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒரு பெண் எழுதிக்கொடுக்க வந்திருக்கிறார் என்றால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

ஆதார் கேட்டேன். ஜெராக்ஸ் வந்தது. அதில் முகம் இருந்த இடத்தில் கருப்பாக ஏதோ இருந்தது. ஒரிஜினல் எங்கே என்றேன். பேங்கில் லோனுக்குக் கொடுத்திருக்கிறது என்றார் அந்த ஆள். சரி என்றேன்.

"ஒங்க பேரு என்னம்மா?"

"மாரிக்கண்ணு." குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

"வீட்டுக்காரர் பேரு?"

தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கழுத்தருகே சேலை முந்தானையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க பக்கத்துப் பொம்பளையாளுக புருஷன் பேரைச் சொல்ல மாட்டாக. செத்தும் சொல்ல மாட்டாக. நீங்க அறியாததா," என்றார் அந்த ஆள்.

அந்த 'நீங்க அறியாததா' என்னைக் கவிழ்த்துவிட்டது. எனக்கா தெரியாது? என் தகப்பனார் பெயர் ராமையா. என் அம்மா கடைசிவரை ராமேசுவரத்தைக் 'கடல் கோயில்' என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும்போது தகப்பன் பெயர் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னவர். பட்டணத்திலிருந்து வந்த வக்கீல் வேண்டுமானால் இந்தப் பெண்ணை அதட்டுவான். நான் மண்ணின் வழக்கம் தெரிந்தவன் இல்லையா.

"நான் சொல்றேம்மா. சரின்னா தலையாட்டுனாப் போதும். வெள்ளைச்சாமிதான?"

தலை அசைந்தது.

"இந்த இணைப்பை ஒங்க கொழுந்தனாருக்கு மாத்திக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதம்தான?"

மறுபடியும் அசைந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை. புருஷன் போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து என் செம்பிலிருந்தே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கையெழுத்துத் தெரியாது என்று கூட வந்தவர் சொன்னதால் கட்டை விரலில் மை தடவி உருட்டினோம். அப்போதுதான் அந்த அம்மா தானாக வாயைத் திறந்து ஒரு முழு வார்த்தை பேசினார்.

"தொடைக்க எதுனாச்சும் குடுங்க சார். வெள்ளச் சேலை, மை பட்டாப் போவாது."

பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கொடுத்தேன். 'என் முன்னிலையில்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன். அவர்கள் போன பிறகு அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம், "பாவம், நல்ல குடும்பம்போல," என்று வேறு சொன்னேன்.

சில மாதம் கழித்து, கடலைச் செடி பூவெடுத்து விழுது இறக்கும் பருவத்தில் இன்னொரு பெண் வந்தார். பச்சைச் சேலை, தோளில் ஒரு மஞ்சள் பை. வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. காத்திருந்தவர்களையெல்லாம் தாண்டி நேரே என் மேஜைக்கு வந்து ஒரு ஜெராக்ஸை வைத்தார். நான் முத்திரை குத்திக் கொடுத்த அதே பத்திரம்.

"இதுல இருக்க மாரிக்கண்ணு நாந்தான் சார். ஆனா இதை நான் குடுக்கல. நான் இங்கிட்டு வந்ததே இல்ல."

கதையைச் சொன்னார். தம்பிக்காரர் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதோடு நிற்கவில்லை. தன் வயலில் இருக்கும் போர்வெல்லுக்கே இணைப்பை எடுத்துப்போகவும் எழுதிக் கொடுத்து, அதுவும் நடந்துவிட்டது. முந்தின நாள் ஆட்கள் வந்து மாரிக்கண்ணுவின் கிணற்றடியிலிருந்து மீட்டரைக் கழற்றி ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் கரண்டு ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். அங்கே இந்தப் பத்திரத்தைக் காட்டி, நோட்டரியைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். வயலில் இருப்பது கடலை. தண்ணீர் நின்றால் விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்காவிட்டால் காய் கிடையாது. பிள்ளைகள் இல்லாத அந்தப் பெண்ணுக்கு அந்தக் கிணறும் அதைச் சுற்றியிருக்கும் வயலும்தான் எல்லாமே.

இப்போது என் மனது எப்படி வேலை செய்தது என்று கேளுங்கள். இதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

நான் முதலில் பார்த்தது சேலையை. புருஷன் இறந்தவர் பச்சைச் சேலையில் இருக்கிறாரே என்று பார்த்தேன். அடுத்துக் குரலை. என் மனதில் இருந்த மாரிக்கண்ணு தலையைத் தூக்காதவர், சத்தம் இல்லாமல் அழுதவர். இந்தப் பெண்ணோ அறை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுகிறார். பத்திரம் ஒன்று நடந்து முடிந்த பிறகு அதை உடைப்பதற்கு யாராவது பங்காளி ஆள் செட் பண்ணி அனுப்புவது உண்டு. இதுவும் அந்த வகைதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது என்பதைவிட, அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்பதுதான் உண்மை.

"ஆதார் இருக்கா?"

"வீட்டுல இருக்கு சார். தண்ணி நின்னுபோச்சேன்னு போட்டது போட்டபடி ஓடியாந்தேன்."

கருப்புப் பூசிய ஜெராக்ஸை ஏற்றுக்கொண்ட நான் இதற்கு உதட்டைப் பிதுக்கினேன்.

"மாரிக்கண்ணு வந்து கைநாட்டு வச்சிட்டுப் போயிட்டாங்களே. வெள்ளைச் சேலை கட்டி வந்தாங்க."

"எங்கிட்டப் பால் கலருச் சேலையே கெடையாது சார். கைநாட்டுமில்ல. நான் கையெழுத்துப் போடுவேன். நூறு நாள் வேலையில போடுறேன்ல."

"அப்படியா. சரி, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அதுவரை மடமடவென்று பேசிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். காத்திருந்தவர்களில் நாலைந்து பேர் ஆண்கள்.

"அதுலயே எழுதியிருக்கே சார்."

"எழுதியிருக்கு. நீங்க சொல்லுங்க."

"பாலுக்கு என்ன நெறம் சார், அதைச் சொல்லிப் பின்னாடி சாமின்னு சேத்துக்கங்க." மெதுவாகச் சொன்னார்.

என் அம்மாவின் மகன், கடல் கோயில் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன், அந்த இடத்தில் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடுகதையெல்லாம் வேணாம்மா. புருஷன் பேரு தெரியாத பொண்டாட்டிய இன்னைக்கித்தான் பாக்குறேன்."

முன்பு கத்தார் பையனைப் பார்த்துச் சிரித்த மாதிரியே அன்றைக்கும் அறையில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அந்த அம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"வெள்ளைச்சாமி. எம் புருசன் பேரு வெள்ளைச்சாமி. போதுங்களா சார்."

சொன்னதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் இடம் இருந்தது.

அவர் வாயைப் பொத்திய அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பால் கலருச் சேலை. வெள்ளைச்சாமியின் மனைவி 'வெள்ளை' என்றே சொல்லமாட்டார். சேலைக்கும் சொல்லமாட்டார், சுண்ணாம்புக்கும் சொல்லமாட்டார். அன்றைக்கு வந்த பெண் மை பட்டுவிடும் என்று பயந்து 'வெள்ளச் சேலை' என்று சாதாரணமாகச் சொன்னார். அது என் காதில் விழுந்தது. மண்ணின் வழக்கம் தெரிந்தவன் என்று மார்தட்டிக்கொண்டு அந்த வழக்கத்தை வைத்தே ஆளைத் தப்பவிட்டிருக்கிறேன். பொய்யாக வந்தவர் வாய் திறக்காதபோது அதை அடக்கம் என்றேன். உண்மையாக வந்தவர் வாய் திறக்காதபோது அதைப் பித்தலாட்டம் என்றேன். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே மௌனம்தான்.

இத்தோடு நான் எழுந்து நின்று தப்பை ஒப்புக்கொண்டிருந்தால்கூட இதை உங்களுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்லியிருக்க மாட்டேன். நான் சொன்னது, "ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, பாப்போம்." அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் கொடுத்த தாளில் கீழே கையெழுத்துப் போட்டார். 'வெ. மாரிக்கண்ணு.' கணவரின் முதலெழுத்து அங்கே அழகாக நின்றது. பெயரை எழுதிக் காட்டுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். அதற்கு எனக்குத் தோன்றவில்லை.

அவர் போனதும் தம்பிக்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் தனியாக வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கிக் கூட்டியாந்தது யாரு?"

"எம் பொண்டாட்டிதான் சார்." அவர் மறைக்கவே இல்லை. "நீங்க பேரைச் சொல்லியே ஆகணும்னு நின்னிருந்தா அவ சொல்லியிருக்க மாட்டா. வரும்போதே அழுதுக்கிட்டுத்தான் வந்தா. நீங்கதான் தலையாட்டுனாப் போதும்னீங்க. இனி இதைக் கெளறுனா என்னைய மட்டுமா சார் இழுப்பாக?"

அவர் வெளியே போய் இதையே டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். உங்கள் 'தலையாட்டி' அங்கிருந்து வந்ததுதான்.

அவர் போன பிறகு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். தன் புருஷன் உயிரோடு பக்கத்தில் நிற்க, தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, பொட்டை அழித்துக்கொண்டு, வெள்ளைச் சேலை கட்டி, என் புருஷன் செத்துவிட்டார் என்பதற்குத் தலையாட்டச் சொன்னால் ஒரு பெண் அழாமல் என்ன செய்வார்? அந்தப் பெயரைத் தன் புருஷன் பெயராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வராமல் இருந்ததுதான் அவரிடம் மிச்சமிருந்த நேர்மை. கூட வந்தவரை ஐந்து நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லியிருந்தால், ஏம்மா அழுகிறீர்கள் என்று கேட்டிருந்தால், அவரே சொல்லியிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. நான் தண்ணீர் கொடுத்தேன். கேள்வியைக் கொடுக்கவில்லை. அழுகிறவரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். தம்பிகளே, நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்காமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள். பல நேரங்களில் அது சோம்பேறித்தனம்தான்.

பார் அசோசியேஷனில் ஒரு நண்பரிடம் மனதைத் திறந்தேன். அவர் எனக்கு நல்லது நினைப்பவர்.

"வாயைத் தெறக்காதீங்க. அந்தம்மா சிவில் கோர்ட்டுல போட்டு நிரூபிச்சுக்கட்டும். கைநாட்டு அவுகளோடது இல்லைன்னு அங்க வந்துரப்போகுது. நீங்களா எழுதிக் குடுத்தா சான்றிதழே போயிரும்," என்றார்.

அவர் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. வழக்கு நடக்கும், விரல் ரேகை பார்ப்பார்கள், உண்மை வெளியே வரும். கடலைதான் அதுவரை காத்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். ஏதோ தலைவலி, ஏதோ கல்யாணம், ஏதோ ஹியரிங் என்று நாட்களைக் கடத்தினேன். ஒவ்வொரு நாளும் காலையில் வானத்தைப் பார்ப்பேன். ஒரு மழை பெய்துவிட்டால் அந்த வயலும் பிழைத்துவிடும், நானும் பிழைத்துவிடுவேன் என்று ஒரு ஆசை. படித்த மனுஷன், சட்டம் தெரிந்தவன், தன் கையெழுத்துக்கு மழை வந்து பரிகாரம் செய்யட்டும் என்று காத்திருந்தேன்.

மழை வரவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். வயலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சுற்றிலும் பச்சையாக இருந்த இடத்தில் அது ஒன்றுதான் காய்ந்து கிடந்தது. மாரிக்கண்ணு செடிகளைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு செடியைப் பார்த்தேன். விழுதுகள் மண்ணைத் தொடாமல் தொங்கிக் காய்ந்திருந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க சார். நான் ஒங்க மேல எதுவும் எழுதிக் குடுக்கல. பயப்படாதீங்க."

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு நான் அந்த வரப்பிலேயே விழுந்து செத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே கரண்டு ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிறேன், என் எதிரில் வந்தவர் நீங்கள் இல்லை என்று நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை.

"அவ பேரை மட்டும் எழுதாதீக," என்றார்.

"யாரு பேரை?"

"அன்னைக்கி வந்தவளைத்தான். யாருன்னு எனக்குத் தெரியும். அவன் கை சும்மா இருக்காது சார், அவ என்ன பண்ணுவா. தாலி கெடக்கையிலயே தாலி இல்லைன்னு வந்து நின்னவ. அதுக்கு மேல அவளுக்கு யாரு என்ன தண்டனை குடுக்கப்போறாக."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். 'என் முன்னிலையில் ஆஜரானவர் மேற்படி மாரிக்கண்ணு அல்ல. நான் அவரைச் சரிவர விசாரிக்காமல் சான்றளித்துவிட்டேன்.' இந்த இரண்டு வரியையும் எழுத நான் பட்ட பாடு, என் வாழ்க்கையில் எந்த வாதத்துக்கும் பட்டதில்லை. ஒரு நகலை என்னை நியமித்தவர்களுக்கும் அனுப்பினேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நண்பர் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை சின்ன தண்டனைக்குப் பயந்தா ஒரு வயலைக் காயவிட்டேன் என்பது அதைவிடப் பெரிய அசிங்கமாக இருந்தது. சான்றிதழைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது நான் விண்ணப்பிக்கவில்லை. வயதாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். வயது ஒரு வசதியான காரணம்.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கூட வருகிறவரை வெளியே அனுப்பிவிட்டு ஆளிடம் பேசுங்கள். அந்த ஆள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அழுகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். வாயால் சொல்ல முடியாதவரை எழுதச் சொல்லுங்கள், எழுத முடியாதவரிடம் தனியாகக் கேளுங்கள், வேறு ஒரு பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வழி ஆயிரம் இருக்கிறது. எதைச் செய்தாலும் பத்துப் பேர் எதிரில் ஒருவரைச் சிரிப்புக்கு ஆளாக்காதீர்கள். தப்பு தெரிந்த அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் தள்ளிப்போடுவது சுலபமாகிவிடும்.

விசாரணைக்குக் கரண்டு ஆபீசில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பிக்காரர் வரவில்லை. நானும் மாரிக்கண்ணுவும் பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பச்சைச் சேலைதான் கட்டியிருந்தார். அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மாதிரி. என் கடிதத்தைப் படித்துவிட்டு, இணைப்பைத் திரும்ப அந்தக் கிணற்றுக்கே கொடுக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பிறகு எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தார்.

"அம்மா பேரு?"

"மாரிக்கண்ணு."

"கணவர் பேரு?"

அறையில் லைன்மேன்கள் நின்றிருந்தார்கள், மனுக் கொடுக்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். இந்த ஒரு தடவையாவது அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அவசரமாக எழுந்தேன்.

"சார், நான் சொல்றேன். வெள்ளை..."

மாரிக்கண்ணு கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கோபமாக அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் டிக்கெட் எடுக்க வரும்போது, வேண்டாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வோமே, அப்படி.

"வெள்ளைச்சாமி," என்று அதிகாரியிடம் சொன்னார். எழுத வசதியாக இன்னொரு தடவையும் நிறுத்திச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உக்காருங்க சார். அன்னைக்கி ஒங்ககிட்டயே சொல்லியாச்சு. இனி யாருகிட்டச் சொன்னா என்ன."